கணக்குப் பேரேட்டுக்குத் தனி அறை

சீனி மூட்டையையும் மண்ணெண்ணெய் டின்னையும் ஒரே மூலையில் அடுக்கும் மளிகை வியாபாரி நம்மில் எவரும் இல்லை. சரக்குக்குக் கிடங்கு, பணத்துக்குக் கல்லா என்று பிரித்து வைத்தே கடை நடத்துகிறோம். ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டி வைத்திருக்கிறோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல், ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றிக்கொள்வது ஒரு வழி. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த வகைதான். ஆனால் தங்கள் பில்லிங் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று விற்றவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல மென்பொருள்கள் விண்டோஸுக்கு மட்டுமே உரியவை.

லினக்ஸ் ஏற்றும்போது டிஸ்கைப் பல பகுதிகளாகப் பிரிக்கலாம். இதைப் ‘பார்ட்டிஷன்’ என்பார்கள். கரியாலூர் போன்ற மலையூர்களில் கடை வைத்திருப்போருக்கு இது மிக அவசியம். இயந்திரம் படுத்துவிட்டால் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குத்தான் தூக்கி வரவேண்டும். அவசரத்தில் மெக்கானிக் டிஸ்க் முழுவதையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டால், கடன் பாக்கி, ஸ்டாக், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதோடு போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காப்பாற்றி வைக்கவேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

240 ஜி.பி. டிஸ்க் என்றால் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 223 என்றே காட்டும். ஏமாற்று வேலை என்று எண்ணவேண்டாம். அளக்கும் படி வேறு, அவ்வளவே. இதை இப்படிப் பிரிக்கலாம்:

இயந்திரம் விழித்தெழ உதவும் இ.எஃப்.ஐ. பகுதி: 1 ஜி.பி.
லினக்ஸும் மென்பொருள்களும் தங்கும் ‘ரூட்’: 50 ஜி.பி.
நினைவகத்துக்குத் துணையான ‘ஸ்வாப்’: 4 ஜி.பி.
நம் கோப்புகள் தங்கும் ‘ஹோம்’: 145 ஜி.பி.
யாருக்கும் ஒதுக்காத வெற்றிடம்: 23 ஜி.பி.

ரூட்டும் ஹோமும் தனித்தனியாக இருந்தால், லினக்ஸ் கெட்டுப்போகும்போது ரூட்டை மட்டும் அழித்து மறுபடி ஏற்றலாம். அப்போது ‘ஹோமை ஃபார்மட் செய்யாதீர்கள்’ என்று மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெற்றிடம் எதற்கென்றால், நெருக்கி அடுக்கிய கிடங்கில் மூட்டை நகர்த்த இடம் வேண்டுவது போல, எஸ்.எஸ்.டி.க்கும் உள்ளே புழங்க இடம் இருந்தால் வேகம் குறையாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில பில்லிங் மென்பொருள்கள் மை-எஸ்.க்யூ.எல். போன்ற டேட்டாபேஸில் கணக்கை எழுதும். வழக்கமாக அது தங்குவது ஹோமில் அல்ல, ரூட்டுக்குள் இருக்கும் ‘வார்’ என்ற இடத்தில். ஹோம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி ரூட்டை அழித்தால் பேரேடு போயிற்று! எனவே ‘என் கணக்கு எந்தப் பகுதியில் எழுதப்படுகிறது?’ என்று முதல் நாளே கேளுங்கள். டேட்டாபேஸ் என்றால், ஹோமின் 145-இல் 30 ஜி.பி.யைப் பிரித்து அதற்கெனத் தனிப் பகுதி போடச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும் என்பது உண்மையே. ஆனால் 80 டி.பி. வரை எழுதலாம் என்று குறித்த டிஸ்கில் நாளொன்றுக்கு 10 ஜி.பி. எழுதினாலும் 8,000 நாள் ஆகும். அதாவது 21 ஆண்டுகளுக்கு மேல். தேய்மானத்தை டிஸ்கே முழுப்பரப்புக்கும் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்வாப் இருக்கும் இடம் மட்டும் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அழித்த இடங்களை டிஸ்குக்குத் தெரிவிக்கும் ‘ட்ரிம்’ வேலை வாரம் ஒருமுறை நடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி அறை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? கூடாது. எல்லா அறைகளும் ஒரே கூரையின் கீழ்தானே இருக்கின்றன! ஹார்டு டிஸ்க் போல ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டு எச்சரிக்காமல் எஸ்.எஸ்.டி. ஒரே நாளில் நின்றுபோகக்கூடும். ட்ரிம் நடந்தபின் அழிந்த கோப்பை மீட்பதும் அரிது. ஆகவே தினமும் கடை கட்டும்போது கணக்கின் பிரதி ஒன்றை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காற்றிலும் மழையிலும் கரண்ட் போகும் மலையில் ஒரு யு.பி.எஸ்.ஸும் தேவை.

கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும் நாம், அந்தப் பிரதியையும் மறவாமல் பையில் போட்டுக்கொள்ளப் பழகுவோம்!