வாஞ்சூரைத் தாண்டினால் கோர்ட்டே மாறிவிடும், தெரியுமா?

கையில் ஒரு துண்டுச் சீட்டு. மளிகைக் கடை ரசீது அளவுதான் இருக்கும். “பெட்டி கேஸ்தான் சார், கட்டிட்டுப் போயிடுங்க” என்கிறார் காவலர். நாமும் ஐந்நூறோ ஆயிரமோ கட்டிவிட்டு, வீட்டில் சொன்னால் திட்டு விழுமே என்று அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். அந்தச் சீட்டு ஒரு கிரிமினல் வழக்கின் முதல் பக்கம் என்பது தெரியுமா? ஆமாம்! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட் போடாததும் குற்றம்தான், நோ பார்க்கிங்கில் வண்டியை விட்டதும் குற்றம்தான். குற்றம் என்று வந்துவிட்டால் கோர்ட் உண்டு, சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. கொலை வழக்கில் நிற்பவருக்கு இருக்கிற ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லும் உரிமை, ஐந்நூறு ரூபாய்க்காரருக்கும் அப்படியே இருக்கிறது!

இதில் காரைக்கால்காரர்களுக்கு வாய்த்திருக்கும் விசித்திரம் இந்தியாவில் மாஹே, ஏனாம் போல வெகு சில ஊர்களுக்குத்தான் உண்டு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம், அதுவும் தமிழ்நாடு. தங்கள் தலைநகரான புதுச்சேரிக்குப் போவதற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓட வேண்டும், அதில் பெரும்பகுதி மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களின் ரோடு! பி.ஒய்.-02 என்று எழுதிய வண்டி ஒரு நாளில் எத்தனை முறை எல்லை தாண்டுகிறது என்று ஓட்டுகிறவருக்கே கணக்கு இருக்காது. சட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. தவறு எந்த மண்ணில் நடந்ததோ அந்த மண்ணின் கோர்ட்தான் விசாரிக்கும். வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் சீட்டு வாங்கினால் காரைக்கால் கோர்ட். கொஞ்ச தூரம் தள்ளி நாகூரில் வாங்கினால் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோர்ட். வண்டி எங்கே பதிவானது என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. அதனால் சீட்டு கைக்கு வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தின் பெயரைப் படியுங்கள்!

அந்த இடத்திலேயே கட்டிவிடும் தொகைகூட எல்லைக்கு எல்லை மாறலாம் என்பது தெரியுமா? நாம் ‘ஸ்பாட் ஃபைன்’ என்கிறோமே, சட்டத்தின் 200-ஆம் பிரிவு அதை அபராதம் என்றே சொல்லவில்லை. வழக்கை இணக்கமாக முடித்துக்கொள்வதற்கான தொகை அது. அபராதம் விதிப்பது கோர்ட்டின் வேலை. இணக்கத் தொகை எவ்வளவு என்று அந்தந்த அரசே அறிவிக்கலாம். கட்டினால் வழக்கு அத்தோடு தீர்ந்தது. ‘இல்லை, நான் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் அது அடாவடியும் ஆகாது, அவமரியாதையும் ஆகாது. சட்டமே திறந்து வைத்திருக்கும் இன்னொரு வாசல் அது.

இன்னும் கேளுங்கள். காரைக்கால் கோர்ட்டும் நாகப்பட்டினம் கோர்ட்டும் வேறு வேறு நிர்வாகங்களின் கீழ் இருந்தாலும் மேலே போனால் இரண்டுக்கும் ஒரே சென்னை உயர் நீதிமன்றம்தான். 1962-லிருந்து அப்படி. அதற்கு முன்னால்? 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவிடம் வந்தது. இடைப்பட்ட பிரெஞ்சு ஆட்சியில் இங்கிருந்து மேல்முறையீடு புதுச்சேரிக்குப் போய், அதற்கும் மேலே பாரிஸில் இருக்கும் உச்ச மன்றம் வரை நீள வழி இருந்தது! பிரெஞ்சுச் சட்டம் குற்றங்களைப் பெருங்குற்றம், நடுத்தரக் குற்றம், சிறு மீறல் என்று மூன்று தட்டுகளாகப் பிரித்து, சிறு மீறலுக்கென்றே தனி மன்றம் வைத்திருந்தது. இதே நேரத்தில் வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், தெற்கே நாகப்பட்டினத்தில் ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்காத ஒரு கடற்கரைத் துண்டில் இத்தனை நாட்டுச் சட்டங்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன என்று நினைத்துப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கிறது.

பிரெஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. இங்குள்ள காவலர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கிறதே, அது அந்தக் காலத்து ‘கெப்பி’. அதற்கும் உங்கள் சீட்டுக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா? 130-ஆம் பிரிவின்படி லைசென்ஸைக் காட்டச் சொல்லும் காவலர் சீருடையில் இருக்க வேண்டும். ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் போன்றவை அப்போது கையில் இல்லையென்றால், சான்றொப்பமிட்ட நகல்களை 15 நாளுக்குள் நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2018-லிருந்து டிஜிலாக்கரில் இருப்பதைப் போனில் காட்டினாலே போதும். இன்னொரு ஆச்சரியம்: விதியை அமல்படுத்த வேண்டியவரே விதியை மீறினால் அவருக்கு இரு மடங்கு தண்டத் தொகை! 2019-ல் சேர்க்கப்பட்ட 210பி பிரிவு அது.

ஹெல்மெட்டுக்காக ஓர் அரசே ஆட்டம் கண்ட கதையும் நம் புதுச்சேரிப் பிரதேசத்துடையதுதான். 2019 பிப்ரவரி 11-ஆம் தேதி முதல் ஹெல்மெட் கட்டாயம் என்றானது. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி தெருவிலேயே இறங்கி வண்டிகளை நிறுத்தினார். முதலில் மக்களிடம் விழிப்புணர்வு வரட்டும் என்றார் முதல்வர் நாராயணசாமி. 13-ஆம் தேதி அவர் கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தபோது கோரிக்கைப் பட்டியலில் ஹெல்மெட்டும் இருந்தது! ஆனாலும் ஒன்றை மனதாரச் சொல்கிறேன். ஹெல்மெட் போடாமல் போய்ப் பிடிபட்டால் கட்டிவிடுங்கள். அது தலையைக் காக்கிற விதி. கோர்ட் வாசல் இருப்பது போட்டிருந்தும் சீட்டு வாங்கியவருக்காக, வேறு யாரோ ஓட்டிய வண்டிக்குத் தன் பெயரில் வழக்கு வந்தவருக்காக.

வேக வழக்குக்கு வருவோம், இங்கேதான் சட்டம் அள்ளித் தருகிறது. ‘பார்த்தேன், வேகமாகத்தான் வந்தார்’ என்று ஒரே ஒரு சாட்சி தன் கண் மதிப்பீட்டை மட்டும் சொன்னால் தண்டிக்க முடியாது என்பது தெரியுமா? 183-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அந்த மதிப்பீடு ஒரு கருவியின் அளவீட்டில் நிற்க வேண்டும். இது போதாதென்று 209-ஆம் பிரிவு இன்னொரு வேலி கட்டுகிறது. அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல் இரண்டிலும் தண்டிக்க வேண்டுமென்றால், ஒன்று அந்த இடத்திலேயே ‘உங்கள் மேல் வழக்கு வரலாம்’ என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் என்ன, எப்போது, எங்கே என்று சொல்லும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். முயன்றும் முகவரி கிடைக்கவில்லை என்பது போன்ற சில விலக்குகள் உண்டு. இந்த 14 நாள் கணக்கின் வேர் 1930-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருக்கிறது. நினைவு பசுமையாக இருக்கும்போதே சொல்லிவிட்டால்தானே ஒருவர் தன் பக்கத்தைச் சொல்ல முடியும்!

வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் கார்க்காரர் என்று பேர் வாங்கியவர் வால்டர் ஆர்னால்டு. 1896 ஜனவரி 28, இங்கிலாந்தின் கென்ட் பகுதி. ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேல் போகக்கூடாது; அவர் 8 மைலில் பறந்தார். போலீஸ்காரர் சைக்கிளை மிதித்துத் துரத்திப் பிடித்தார்! வேகத்துக்கு மட்டும் ஒரு ஷில்லிங். சனிக்கிழமை திருநள்ளாறு ரோட்டில் சீறும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அத்தனை அவசரமாக அவர்கள் பார்க்கப் போகும் தெய்வத்தின் பெயர் சனைச்சரன்; மெல்ல நடப்பவன் என்று பொருள். வானத்தில் சனி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம்!

கேமரா எடுத்த படம் என்றால்? 2021-ல் வந்த 167ஏ விதி, கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் கேட்கிறது, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் சொல்கிறது. இங்கே கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்கவும் சொல்கிறது. தேதியையும் நேரத்தையும் இடத்தையும் படத்தோடு பொருத்திப் பாருங்கள். எழுத்து ஒன்று மாறி வேறொருவர் வண்டியாகவும் இருக்கலாம்.

ஒரு சிவப்பு விளக்குச் சீட்டு மஞ்சள் விளக்கின் கணக்கையே மாற்றியது தெரியுமா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்ட்டன் என்ற ஊர். 2013-ல் மனைவிக்கு வந்த கேமரா சீட்டைப் பார்த்து மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் யோசிக்க ஆரம்பித்தார். மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதற்கு 1960-ல் கேஸிஸ், ஹெர்மன், மரதூதின் என்ற மூவர் எழுதிய கணக்கு ஒன்று இருக்கிறது. அது நேராகப் போகிற வண்டிக்கானது. திரும்புகிற வண்டி வேகத்தைக் குறைக்குமே, அதற்குக் கூடுதல் நேரம் வேண்டாமா? இதைக் கேட்டதற்கு, ‘லைசென்ஸ் இல்லாமல் இன்ஜினீயர் வேலை பார்க்கிறீர்’ என்று மாநில வாரியம் அவருக்கு 500 டாலர் தண்டம் போட்டது! அவர் விடவில்லை. 2018-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பேசும் உரிமையை உறுதிசெய்தது. அந்த மூவரில் ஒருவரான மரதூதினே அவர் சொல்வது சரி என்று ஆதரித்தார். 2020-ல் போக்குவரத்துப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு தன் பரிந்துரையைத் திருத்தியது. தொடங்கிய இடம் ஒரு சீட்டு!

நம் ஊருக்குத் திரும்புவோம். சம்மன் வந்தால் கோர்ட்டுக்குப் போகாமலே முடிக்க ஒரு வழி 208-ஆம் பிரிவில் இருக்கிறது: குறிப்பிட்ட தொகையை மணியார்டரில் அனுப்பி, அந்த மணியார்டர் கூப்பனிலேயே ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிவிடலாம்! ஒரு காலத்தில் அத்தை சௌக்கியமா என்று எழுதிய அந்தக் கட்டத்தில் ஒரு வாக்குமூலம். அப்படி முடித்தவரின் லைசென்ஸை அந்த ஒப்புதலைக் காரணம் காட்டிப் பறிக்கவும் முடியாது.

ஆனால் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் பிறகு மேல்முறையீட்டில் ‘நான் செய்யவே இல்லை’ என்று சொல்ல முடியாது. தண்டனையின் அளவையும் சட்டப்படி அது சரியா என்பதையும் மட்டுமே கேட்கலாம். லோக் அதாலத்தும் அப்படித்தான். அங்கே நடப்பது சமரசம், அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. உண்மையிலேயே தவறு செய்யாதவர் இரண்டு வாசலிலும் நுழையும்முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். வக்கீலுக்குக் காசில்லையே என்கிறீர்களா? 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பாருங்கள்: பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி! ஸ்கூட்டியில் போய்த் தவறான சீட்டு வாங்கிய அக்காவுக்கும் அது பொருந்தும்.

காலக்கெடுவும் உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதம் கடந்தபின் கோர்ட் பொதுவாக விசாரணைக்கு எடுக்க முடியாது. இந்தக் கெடு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது.

கோர்ட்டில் பெயர் கூப்பிடுவார்கள். நீதிபதி குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ஒப்புக்கொள்கிறீர்களா? ‘இல்லை’ என்று சொன்னால், நிரூபிக்கும் சுமை முழுக்க அரசுத் தரப்பின் தலையில். சீட்டு எழுதிய காவலரையே அவர்கள் சாட்சியாக நிறுத்தலாம். அப்போது பலகை எங்கே இருந்தது, கருவியின் சான்றிதழ் எங்கே, எத்தனை அடி தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். சிவப்புத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பதில் சொல்லியாக வேண்டும்!