தையல் வரிசையின் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

ஆயத்த ஆடை ஆலைகளின் தையல் வரிசைகளில் கைக்கணினியும் மின்னணு அட்டையும் இடம்பிடித்து வருகின்றன. ஒரு கட்டுத் துணியைத் தைத்து முடித்ததும் தொழிலாளி அட்டையைப் பதிகிறார். மணிக்கு எத்தனை உருப்படிகள் என்ற கணக்கு உடனே மேற்பார்வையாளரின் திரையை அடைகிறது. தொழிலாளிக்கு உதவும் கருவி என்றே நிர்வாகங்கள் இதனை அறிமுகம் செய்கின்றன. அந்த உதவி உண்மையில் யாருக்குச் சேர்கிறது என்பதை நாம் ஆராய வேண்டியுள்ளது.

கருவி தன்னளவில் பகையன்று. ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில், பழுதைக் காணும் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும். குழுத் தலைவர் வருவார். சிக்கல் தீராவிடில் உற்பத்தி வரிசையே நிற்கும். இன்று கயிற்றுக்குப் பதிலாகப் பொத்தான் வந்துள்ளது. அங்கே செய்தி கீழிருந்து மேலே செல்கிறது. மேலிருப்பவர் பதில் சொல்லக் கடமைப்படுகிறார். நம் தையல் வரிசையிலோ, கணக்கு மட்டுமே மேலே செல்கிறது. கீழே வருவது வசவு.

இவ்வேறுபாட்டின் வேர் சாதியிலும் பாலினத்திலும் உள்ளது. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் தைப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் தலித் பெண்கள் கணிசமானோர். மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆலையொன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார்; அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அதன்பின் நடந்த போராட்டத்தின் விளைவே 2022இன் திண்டுக்கல் ஒப்பந்தம். தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதில் கையெழுத்திட்டது. தொழிலாளர்களே பயிற்சி பெற்று, ஆலைத் தளத்தில் வன்முறையைக் கண்காணிக்க அது வழிசெய்தது. அங்கே கண்காணிப்பின் திசை மாறியது.

சட்டம் இத்திசைமாற்றத்துக்குப் போதிய துணை செய்யவில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்குத் தொழிலாளியின் ஒப்புதலின்றியே தரவைப் பயன்படுத்த இடமளிக்கிறது.

ஆனால் அதே தரவு உரிமைக்கான சான்றாகவும் ஆகக்கூடும். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கர் முன்னெடுத்த திருத்தத்தால், 1946இல் ஆலைகளின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். மிகைநேர வேலையை நிறுவ, அட்டை பதிந்த நேரத்தைவிட வலுவான ஆவணம் எது?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை: பதிவான கணக்கின் படி தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் கிடைக்க வேண்டும்; இலக்கைச் சங்கத்துடன் பேசியே நிர்ணயிக்க வேண்டும்; வரிசையை நிறுத்தும் பொத்தான் தைப்பவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.