பொன்னாடை யாருக்கு?



எங்கள் ஊரில் ஒருவருக்கு மனம் சுகமில்லை என்றால் 'விசர்' என்ற ஒரே சொல்லோடு கதை முடிந்துவிடும். 'அங்கொடைக்கு அனுப்பவேணும்' என்பது பகிடியாகவே வழங்கியது. அந்த மருத்துவமனை இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் பேச்சு மாறவில்லை. அது எங்களோடு விமானமேறி லாச்சப்பல் வரை வந்துவிட்டது.

குடிக்கு அடிமையானவர் வீட்டிலும் இதே நிலைதான். தங்கச்சிக்குச் சம்பந்தம் வராது என்ற பயத்தில் குடும்பமே மறைக்கிறது. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பேரேட்டில் எழுதாமல் விட்ட கடன் இல்லாமல் போவதில்லை. வட்டியோடு வளரும்.

இதை வெளிப்படையாக எழுதியவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்கு 1979இல் பறிகொடுத்தார். பெயர்பெற்ற ரி.ரி.கே. குடும்பம் அது, மூடி மறைத்திருக்கலாம். மாறாக, 1980இல் கணவரின் பெயரிலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடி ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்பதே அங்கு முதற்பாடம். நோயாளியோடு மனைவிக்கும் ஆலோசனை உண்டு. பின்னர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சிகிச்சை முகாம்களைக் கொண்டு சென்றார்கள். ஊரே பார்த்திருக்க ஒருவர் குணமானால், மற்றவரின் வெட்கமும் குறையும் அல்லவா? 1999இல் ஐ.நா.வின் வியன்னா குடிசார் சமூக விருது அவருக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலேயே மருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் தந்தார். ஆசிரியர்களுக்கும் கிராம மட்ட ஊழியர்களுக்கும் உளநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. மருத்துவரைத் தேடிப் போகக் கூசுபவர், தெரிந்த வாத்தியாரிடம் கதைப்பார் என்பதே காரணம்.

பிரான்சில் 2025ஆம் ஆண்டு மனநலம் தேசியப் பெருநோக்கமாக அறிவிக்கப்பட்டது. இங்கு வழிகள் பல உண்டு. சே.எம்.பே. எனப்படும் அரச மனநல நிலையங்களில் ஆலோசனை இலவசம். குடி, போதைக்கான செசாப்பா நிலையங்களும் இலவசம். விரும்பினால் பெயர் சொல்லாமலே போகலாம். தற்கொலை எண்ணம் வந்தால் 3114 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: நெடுங்காலம் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிராபத்தும் உண்டு. மருத்துவர் துணையுடனேயே நிறுத்தவேண்டும்.

எங்கள் விழாக்களில் பொன்னாடைக்குக் குறைவில்லை. ஆனால் குடியை விட்டவரை மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்வது மதிப்பாகாது. அவர் தானாக முன்வந்தால் வேறு. அவரைக் கலியாணத்துக்கு அழையுங்கள். 'இண்டைக்கு ஒண்டுதானே' என்று கிளாசை நீட்டாதீர்கள். கடையில் வேலை இருந்தால் கொடுங்கள். மொழி தெரியாத ஒருவருக்காக மருத்துவரிடம் கூடப்போய், கேட்டதை வெளியில் சொல்லாத பிள்ளைகள் எங்களிடையே இருக்கிறார்கள். சபையில் பாராட்ட வேண்டியவர்கள் அவர்களே. அதையும் யாருக்காகப் போனார்கள் என்று கேட்காமல் பாராட்டுவோம்.