அருணாசலக் குகையில் ஒரு பாதிரியார்

கத்தோலிக்க வளர்ப்பின் மீது எழுந்த சந்தேகத்தோடு 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் பிரெஞ்சுத் துறவி ஆன்ரி லெ சோ. நிம்மதி கிடைத்த இடம்தான் அவருக்கு வேதனை ஆயிற்று.

1950களின் தொடக்கத்தில் திருவண்ணாமலைக் குகைகளில் தங்கியிருந்த சாதுக்களுள் ஒருவர் மற்றவர்களிலிருந்து சற்று வித்தியாசமானவர். காவி உடுத்தினார். தாடி வளர்த்திருந்தார். பிட்சை வாங்கி உண்டார். நாள் கணக்கில் மௌனம் காத்தார். இதெல்லாம் அந்த மலையில் புதிதல்ல. ஆனால் இவர் குகைக்குள் லத்தீன் மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். உரிய வேளைகளில் குருக்களுக்கான செபப் புத்தகத்தை விரித்துச் சங்கீதங்களை ஓதினார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, 'நான் யார்?' என்ற ரமணரின் கேள்வியோடு இருட்டில் உட்கார்ந்தார்.

ஒரே மனிதர் செய்த இந்த இரண்டு காரியங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? அவரே தனக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்ட கேள்வி அது. பதில் கிடைக்காத நாட்களில் அவர் பட்ட பாடு அவருடைய நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. தான் பிறந்து வளர்ந்த மதத்தைச் சந்தேகிப்பவர்கள் பொதுவாக அதை விட்டு வெளியேறுவார்கள், இல்லையென்றால் சந்தேகத்தை விழுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவார்கள். லெ சோ இரண்டையும் செய்யவில்லை.

அவர் பிறந்தது பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனி பகுதியில் கடலோரத்திலுள்ள சேன் பிரியாக் என்ற ஊரில், 1910 ஆகஸ்ட் 30 அன்று. கத்தோலிக்கப் பற்றுக்குப் பெயர்போன பிரதேசம் அது. வீட்டின் குழந்தைகளில் மூத்தவர். 11 வயதில் இளங்குரு மடத்தில் சேர்ந்தார். 19 வயதில் கெர்கொனான் என்ற இடத்திலுள்ள பெனடிக்டைன் மடத்துக்குப் போனார். புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கு, லத்தீன் கீதங்கள், மடத்து நூலகப் பொறுப்பு என்று அவருடைய வாழ்க்கை மணியடித்தபடி நடந்தது. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட அவர், 1940ல் அவரது பிரிவு ஜெர்மானியரிடம் சிக்கியபோது தப்பி வந்து மீண்டும் மடத்தில் சேர்ந்துகொண்டார்.

இந்தியா பற்றிய ஆசை அவருக்கு 1934லேயே வந்துவிட்டது. அனுமதி கிடைக்கத்தான் 14 வருடங்கள் ஆயின. திருச்சி மறைமாவட்டத்துக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு, அங்கு 1939 முதல் பணியாற்றிவந்த ஜூல் மோன்ஷனான் என்ற மற்றொரு பிரெஞ்சுக் குருவிடமிருந்து உற்சாகமான பதில் வந்தது. 1948 ஆகஸ்டில் குளித்தலைக்கு வந்து சேர்ந்தார் லெ சோ.

வந்த நோக்கம் தெளிவாகவே இருந்தது. இந்தியாவின் தவ மரபில் கிறிஸ்தவத் துறவறம் வேரூன்ற வேண்டும். உபநிடதங்கள் தேடியதைக் கிறிஸ்து நிறைவு செய்வார். இதில் இந்தியா மாற வேண்டுமே தவிர அவர் மாற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தாத்தாவைப் போல ஒருவர்

1949 ஜனவரியில் மோன்ஷனான் அவரை ரமணாசிரமத்துக்கு அழைத்துப்போனார். லெ சோ பெரிதாக எதிர்பார்த்துப் போனார். கண்டதென்னவோ வீட்டுத் தாத்தாவைப் போல அமைதியாக அமர்ந்திருந்த ஒரு முதியவரை. சுற்றியிருந்த பக்தர்களின் வழிபாடு அவருக்குக் கூச்சத்தையே தந்தது. ஆசிரமத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அவரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: தலையில் இத்தனை மூட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தால் எதைப் பார்க்க முடியும்?

அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வேறு. தன் அறிவு ஒரு முடிவுக்கு வருவதற்குள் தனக்குள் ஏதோ ஒன்று அந்த முதியவரை அடையாளம் கண்டுகொண்டது என்று பின்னாளில் அவர் எழுதினார். வேத பாராயணத்தின் ஒலி காய்ச்சல் கனவுகளிலும் தொடர்ந்தது. எழுந்து ஊர் திரும்பியபோது வந்த ஆள் முழுதாகத் திரும்பவில்லை.

1950 மார்ச் 21ல், ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலை அருகே தண்ணீர்பள்ளியில் காவிரிக் கரையோர மாந்தோப்பில் இருவரும் ஆசிரமம் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். சாந்திவனம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காவி உடுத்து, மரக்கறி உணவுக்கு மாறினார்கள். மோன்ஷனான் 'பரம அரூபி ஆனந்தம்' ஆனார். லெ சோ 'அபிஷிக்தானந்தா' என்று அறியப்படலானார். கிறிஸ்து என்ற சொல்லுக்கு அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். அந்த ஆனந்தத்தில் திளைப்பவர் என்பது பெயரின் உட்பொருள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் தத்துவ போதகர் நினைவுக்கு வரலாம். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியும் காவி உடுத்தினார், பிராமண ஆசாரங்களைக் கைக்கொண்டார். ஆனால் தெ நொபிலி காவிக்குள் தன் நம்பிக்கையை அசையாமல் வைத்திருந்தார். உடை அவருக்கு ஓர் உபாயம். லெ சோவின் விஷயத்தில் உடை ஆளை உள்ளே இழுத்துக்கொண்டது.

1952 முதல் 1955 வரை வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர் அருணாசலத்துக்கு ஓடினார். ரமணர் 1950 ஏப்ரலில் மறைந்துவிட்டிருந்தார். மலை இருந்தது. குகைகளில் வாரக்கணக்கில் தங்கினார். மடத்தில் 19 ஆண்டுகள் தேடியும் எட்டாத ஓர் அமைதி அங்கே கிடைத்தது. பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் படித்த ஞானோபதேசத்தின்படி கடவுள் படைத்தவர், மனிதன் படைக்கப்பட்டவன். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கிறிஸ்து மட்டுமே இணைக்க முடியும். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பது அந்நாளில் குழந்தைகளுக்கும் சொல்லித்தரப்பட்ட பாடம். குகையின் அமைதியிலோ இரண்டு என்பதே இல்லாமல் போயிற்று. அப்படியானால் செபிப்பது யார், யாரிடம்? திருப்பலியை ஒப்புக்கொடுப்பது யார், ஏற்பது யார்? ஏதோ தத்துவப் புதிராக இது அவருக்குத் தோன்றவில்லை. தினமும் காலையில் அப்பத்தைக் கையில் எடுக்க வேண்டிய ஒரு குருவின் கேள்வி அது.

தான் பிறந்த இடத்துக்கும் பெற்ற பயிற்சிக்கும் வெகு தொலைவில், திருச்சபையின் எல்லைக்கோட்டில் நிம்மதி கிடைத்திருக்கிறதே, இந்த வேதனைக்கு என்ன அர்த்தம் என்று 1953 செப்டம்பர் நாட்குறிப்பில் கேட்கிறார். ஒரு மாயைக்காக நித்திய வாழ்வையே பணயம் வைக்கிறோமோ என்ற பயத்தை இன்னோரிடத்தில் எழுதுகிறார். அதே மூச்சில் அருணாசலத்தை விளித்து, நீ மாயை அல்லவே என்றும் சொல்கிறார். நரகம் என்பது உருவகமல்ல என்று நம்பி வளர்ந்தவர் இதை எழுதினார் என்பதை மறந்துவிட்டுப் படித்தால், இந்த வரிகள் வெறும் உணர்ச்சிவசப்பட்ட பேச்சாகத் தெரியும்.

ஞானானந்தரின் பதில்

1955 டிசம்பரில் அவர் திருக்கோவிலூர் போனார். முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் நெருக்கிக்கொண்டு நின்றதாகச் சொல்லப்படும் அதே ஊர். அருகே தபோவனத்தில் இருந்த சுவாமி ஞானானந்த கிரியைச் சந்தித்தார். அத்வைதம் பற்றித் தயாராக வைத்திருந்த கேள்விகளைக் கேட்டார். கேள்விகளால் என்ன பயன், உள்ளே போய்ப் பார் என்பதுதான் ஞானானந்தர் சொன்னதன் சாரம். மறு ஆண்டு தொடக்கத்தில் மீண்டும் சென்று சில வாரங்கள் அவரிடம் தங்கினார். குரு என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் புரிந்தது என்றார் லெ சோ. கத்தோலிக்கக் குரு ஒருவர் இந்துத் துறவியின் காலில் விழுந்தது, வெளியே தெரிந்திருந்தால் அந்நாளில் பெரிய சங்கடமாகியிருக்கும்.

சாந்திவனத்திலும் எல்லாம் சுமுகமாக இல்லை. மோன்ஷனான் பெரிய அறிவாளி. இந்து ஞானத்தின் மீது அளவற்ற மதிப்பு உள்ளவர். ஆனாலும் மூவொரு கடவுள் என்ற கோட்பாட்டை அத்வைதம் விழுங்கிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். நண்பர் போகும் திசை அவருக்குக் கவலை தந்தது. நிலையாகத் தங்கும் இந்தியச் சீடர்களும் கிடைக்கவில்லை. நோயுற்று பிரான்சுக்குத் திரும்பிய மோன்ஷனான் 1957 அக்டோபரில் பாரிஸில் காலமானார்.

இரண்டையும் பொருத்திக் காட்ட லெ சோ எழுத்தில் முயலாமல் இல்லை. சத், சித், ஆனந்தம் மூன்றையும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்றோடு இணைத்து அவர் எழுதிய நூல் பிரெஞ்சில் 1965ல் வந்தது. அழகான முயற்சி. பின்னாளில் அவருக்கே அது போதுமானதாகப் படவில்லை. அனுபவத்தைச் சூத்திரத்தில் அடக்கப் பார்ப்பதில்தான் கோளாறு என்று நினைத்தார். அருணாசலக் காலத்தில் எழுதிய 'குகாந்தரா' என்ற கையெழுத்துப் பிரதியைத் திருச்சபைத் தணிக்கையாளர் நிராகரித்தார். அதன் பகுதிகள் அவர் மறைந்த பின்பே அச்சேறின.

ஏன் அவர் வெளியேறவில்லை? ரமணரிடமும் ஞானானந்தரிடமும் கண்டதே முழு உண்மை என்றால், சபையின் அங்கியைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாமே? இந்தக் கேள்வியை இரு தரப்பினரும் கேட்டிருக்கிறார்கள். கத்தோலிக்க ஆசிரமங்கள் எல்லாமே காவி வேடமிட்ட மதமாற்ற உத்தி என்று சீதாராம் கோயல் 1988ல் ஒரு புத்தகமே எழுதினார். பழமைப் பிடிப்புள்ள கத்தோலிக்கர்களோ இவரை அத்வைதத்துக்கு விலைபோனவர் என்கிறார்கள். ஆசிரம இயக்கம் முழுவதற்கும் கோயலின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தொடக்க கால லெ சோவிடமே இந்தியாவைக் கிறிஸ்தவமாக்கும் கனவு இருந்தது. ஆனால் குகையில் உட்கார்ந்தவர் யாரையும் மதம் மாற்றவில்லை. மாறிக்கொண்டிருந்தவர் அவர்தான், அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

அவர் தரப்பு விளக்கம் எளிமையானது. கிறிஸ்துவை அவர் கோட்பாடாக அறிந்திருக்கவில்லை. தாயின் மடியிலிருந்து அறிந்த ஓர் ஆளாகவே அறிந்திருந்தார். விட்டுவிட முடியவில்லை. அருணாசலம் தந்ததையும் பொய் என்று சொல்ல முடியவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நிம்மதி. ஆனால் அது நேர்மையாக இருக்காது என்று கருதினார்.

கங்கைக் கரையில்

1950களின் இறுதியிலிருந்து வடக்கே போகத் தொடங்கினார். 1960ல் இந்தியக் குடிமகனானார். உத்தரகாசி அருகே ஞான்சு என்ற இடத்தில் கங்கைக் கரையில் ஒரு சிறு குடிலைக் கட்டிக்கொண்டார். 1964ல் கங்கோத்ரி வரை நடந்தபோது உடன் வந்தவர் ரைமோன் பணிக்கர். ஸ்பானியக் கத்தோலிக்கத் தாய்க்கும் கேரள இந்துத் தந்தைக்கும் பிறந்த அந்தக் குருவுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியிருக்கவில்லை. கங்கை உற்பத்தியாகும் பகுதியில் இருவரும் திருப்பலி நிறைவேற்றினார்கள். 1968ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியிடம் ஒப்படைத்துவிட்டு இமயத்துக்கே போய்விட்டார்.

இதற்கிடையில் திருச்சபையே சிறிது நகர்ந்திருந்தது. 1965 அக்டோபர் 28ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் தாம் புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. 1969ல் பெங்களூரில் நடந்த அகில இந்தியக் கருத்தரங்கில் லெ சோ கலந்துகொண்டார். ஆனாலும் கதவு முழுசாகத் திறந்துவிடவில்லை. கீழை நாட்டுத் தியான முறைகள் பற்றி 1989ல் வத்திக்கான் எச்சரித்தது. பம்பாயில் பிறந்த சேசு சபைத் துறவி அந்தோணி டி மெல்லோவின் நூல்கள் குறித்து, அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து 1998ல் ஒரு கண்டன அறிக்கை வந்தது. நாட்குறிப்பு லெ சோவின் வாழ்நாளில் வெளிவந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

1971ல் ஓர் இளம் பிரெஞ்சுக்காரர், மார்க் ஷதூக், சீடராக வந்தார். 1973 ஜூன் 30 அன்று ரிஷிகேஷில், கங்கை நீரில் நின்று, சிவானந்த ஆசிரமத்தின் சுவாமி சிதானந்தாவும் லெ சோவும் சேர்ந்து அவருக்குச் சன்னியாசம் அளித்தார்கள். ஒரே சீடருக்கு இரு மரபினரின் தீட்சை. இருபது வருடங்களாகத் தனக்குள் ஒட்டாமல் கிடந்த இரண்டும் அன்று ஆற்றின் நடுவே பக்கம் பக்கமாக நின்றதை அவர் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 14ல், ரிஷிகேஷ் கடைத்தெருவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மாரடைப்பு. தெரிந்தவர் ஒருவர் தற்செயலாகப் பார்க்கும்வரை தெருவோரத்திலேயே கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய கடிதங்களில் பழைய கலக்கம் இல்லை. உயிரோடிருப்பதும் சாவதும் வெறும் நிலைமைகள், விழிப்பு அவை எதையும் சார்ந்ததல்ல என்று எழுதினார். தேடிய புனிதக் கிண்ணம் கிடைத்துவிட்டது என்றார். ஐரோப்பியக் கிறிஸ்தவக் கதைகளில் வீரர்கள் உலகெல்லாம் தேடி அலையும் கிண்ணம் அது. உபநிடதங்களில் ஊறிய ஒரு சுவாமிக்கு அந்த வேளையில் நாவில் வந்தது சிறுவயதில் கேட்ட கதை என்பது கவனிக்கத்தக்கது. அத்வைதமும் மூவொரு கடவுளும் எப்படிப் பொருந்தும் என்ற கணக்கை அவர் தீர்க்கவில்லை. அந்தக் கணக்கைப் போடுவதை நிறுத்தியிருந்தார்.

உடல் தேறவில்லை. இந்தூரில் கன்னியாஸ்திரீகளின் பராமரிப்பில் கடைசி மாதங்களைக் கழித்து, 1973 டிசம்பர் 7ல் காலமானார். சீடர் ஷதூக் 1977ல் இமயப் பகுதியில் காணாமல் போனார். என்ன ஆனார் என்பது தெரியவே இல்லை. நாட்குறிப்பைப் பணிக்கர் தொகுக்க, 1986ல் பிரெஞ்சிலும் 1998ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பீட் கிரிஃபித்ஸ் 1993ல் மறைந்து சாந்திவனத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தண்ணீர்பள்ளி மாந்தோப்புக்கு வெளிநாட்டினரும் உள்நாட்டினரும் வருகிறார்கள். அவர்களில் ஞானஸ்நானம் பெற்றும் கோவில் பக்கம் போவதை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அங்கு நடக்கும் வழிபாட்டில் திருப்பலியோடு சமஸ்கிருத மந்திரங்களும் தமிழ் பஜனைப் பாடல்களும் ஒலிக்கின்றன.