நிரல் கற்றால் சிந்தனை வளருமா?

முன்னாளில் ஐரோப்பியப் பள்ளிகளில் இலத்தீன் மொழியைக் கட்டாயப் பாடமாக வைத்திருந்தனர். அதனாற் பயன் என்னவென்று வினவினால், அது மூளையைத் தீட்டும் சாணைக்கல் என விடை வரும். இன்று அந்த இடத்தைக் கணினி நிரல் பெற்றுள்ளது. நிரல் எழுதப் பழகிய மாணவன் எத்துறையிலும் தெளிவாகச் சிந்திப்பான் என்பது பலர் நம்பிக்கை. இது மெய்தானா?

ஒரு துறையிற் பெற்ற திறன் மற்றொரு துறைக்குச் செல்வதை உளநூலார் ‘பயிற்சி மாற்றம்’ என்பர். இரு துறைகளுக்கும் பொதுவான கூறுகள் உள்ள அளவிற்கே அம்மாற்றம் நிகழும் என்று 1901இல் அமெரிக்க அறிஞர் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் கூறினர்.

1967இல் சேமர் பேப்பர்ட் முதலியோர் சிறுவர்க்கென ‘லோகோ’ என்னும் கணினி மொழியை ஆக்கினர். ‘முன்னே 50 செல், வலப்பக்கம் 90 பாகை திரும்பு’ என்ற கட்டளையை நான்கு முறை இட்டால், ‘ஆமை’ ஒரு சதுரம் வரையும். இவ்விளையாட்டே சிந்தனையை வளர்க்கும் என்று பேப்பர்ட் நம்பினார்.

1980களில் நியூயார்க்கில் பீ, கர்லண்ட் என்னும் ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். கரும்பலகை துடைத்தல், செடிக்கு நீரூற்றல் போன்ற வகுப்பறை வேலைகளைக் குறைந்த நடையில் முடிக்கத் திட்டமிடுமாறு மாணவரைக் கேட்டனர். ஓராண்டு லோகோ கற்றவர், கல்லாதவரை விஞ்சவில்லை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1988இல் கிளார், கார்வர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நிரலிற் பிழை காணும் முறையையே தனிப்பாடமாகக் கற்பித்தனர். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, வேறுபாடு யாது, பிழை எங்கே இருக்கலாம், எவ்வாறு திருத்துவது என்பதே அவ்வரிசை. அச்சிறுவர் கணினி சாராத எழுத்துக் குறிப்புகளிலும் பிழைகளை முன்னிலும் நன்றாகக் கண்டனர்.

2019இல் ஷெரர் முதலியோர் 105 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நிரல் கற்றலால் பிற திறன்களும் ஓரளவு வளர்வது தெரிந்தது. ஆனால், ஒப்பிடப்பட்ட மாணவருக்கும் வேறு நல்ல பயிற்சி அளித்த ஆய்வுகளில் அந்த நன்மை குறைந்தே காணப்பட்டது.

ஆகவே, கணினியை வாங்கி வைத்துவிட்டாலே அறிவு பெருகும் என்றிருத்தல் தவறு. மாணவனின் பாடவேளை விலைமதிப்பற்றது. வெறும் நம்பிக்கைக்கு அதனைச் செலவிடலாகாது. நிரலிற் பிழை கண்ட அதே வரிசையில், தவறிய வகுத்தற் கணக்கையும் ஒழுங்கு குலைந்த கட்டுரையையும் ஆராயுமாறு ஆசிரியர் அவனைப் பழக்குதல் வேண்டும். கிணற்றில் நீர் இருந்தாலும், வாய்க்கால் வெட்டினாலன்றி அது அடுத்த வயலுக்குப் பாயாது. அவ்வாய்க்காலை வெட்டுவது ஆசிரியர் தொழிலேயன்றிக் கணினியின் தொழிலன்று.