ரத்த பரிசோதனைக்கு காசு கட்ட வேண்டுமா? அரசு ஆய்வகத்தில் எது இலவசம், எதற்கு கட்டணம்? முழு விவரம்

ஆலங்குளம்:

"முதல்ல டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் சீட்டு எழுதி கொடுத்ததும் கூலி வேலைக்கு போகிறவர்களுக்கு பாதி காய்ச்சல் அப்போதே ஏறி விடும். டெஸ்டுக்கு எவ்வளவு கேட்பார்களோ, இன்றைய கூலி அதற்கே போய் விடுமோ என்ற கவலைதான் காரணம்.

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம் அரசு சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஊர். சுற்று வட்டாரத்தில் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், ராஜபாளையம் மில்கள், காட்டு வேலை என்று அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் குடும்பங்கள் அதிகம். டெஸ்டுக்கு பயந்து மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி போட்டு விட்டு வேலைக்கு கிளம்பி விடுகிறவர்கள் உண்டு. காய்ச்சல் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

அரசு ஆய்வகத்தில் எது இலவசம்? எதற்கு கட்டணம்? அந்த கட்டணத்தை யார், எதை வைத்து நிர்ணயம் செய்கிறார்கள்? அதுபற்றிய விவரம் வருமாறு:-

எது இலவசம்?

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தம், சிறுநீர் பரிசோதனைக்கு கட்டணம் கிடையாது. ஹீமோகுளோபின், சர்க்கரை, மலேரியா, கர்ப்ப பரிசோதனை போன்றவை இதில் அடங்கும். காசநோய்க்கான சளி பரிசோதனை இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாக, ரகசியமாக செய்யப்படுகிறது.

தேசிய சுகாதார இயக்கத்தின் இலவச பரிசோதனை திட்டம் 2015-ம் ஆண்டு கொண்டு வரப்பட்டது. பின்னர் விரிவாக்கப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறைப்படி துணை சுகாதார நிலையத்தில் 14 வகை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63 வகை, வட்டார அளவிலான சமுதாய சுகாதார நிலையத்தில் 97 வகை, மாவட்ட ஆஸ்பத்திரியில் 134 வகை பரிசோதனைகள் இருக்க வேண்டும்.

இது வழிகாட்டி மட்டுமே. எல்லா இடத்திலும் எல்லா டெஸ்டும் கிடைத்து விடும் என்று அர்த்தம் இல்லை. எனவே, "இங்கே எந்தெந்த டெஸ்ட் எடுப்பீங்க?" என்று கேட்டு தெரிந்து கொள்வது நல்லது.

இலவசம் என்றால் செலவு யாருக்கு?

இலவசம் என்றாலும் செலவு இல்லாமல் இல்லை. ரசாயனம், கிட், ஊசி, எந்திரம், கரண்டு, லேப் டெக்னீசியன் சம்பளம் எல்லாம் மக்கள் கட்டும் வரிப்பணத்தில் இருந்து போகிறது.

உதாரணத்துக்கு டெங்குவை எடுத்துக்கொள்வோம். "எலிசா" என்ற பரிசோதனையில் 96 சிறு குழிகள் கொண்ட ஒரு தட்டு பயன்படுத்தப்படுகிறது. சில குழிகள் எந்திரமும் மருந்தும் சரியாக வேலை செய்கிறதா என்று சரிபார்க்க போய் விடும். மீதி குழிகளில்தான் நோயாளிகளின் ரத்த மாதிரி. ஒரே ஒருவருக்காக தட்டை ஓட்டினால் செலவு எகிறி விடும். நிறைய மாதிரி சேர்ந்த பிறகு ஓட்டினால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். அரசு ஆய்வகத்தில் ரிசல்ட் வர சில நேரம் தாமதம் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனியார் லேப்பில் அட்டை வடிவ கிட்டில் அரை மணி நேரத்துக்குள் ரிசல்ட் சொல்லி விடுகிறார்கள். ஆனால் டெங்குவை உறுதி செய்ய எலிசா பரிசோதனையையே அரசு ஏற்றுக்கொள்கிறது. காய்ச்சல் வந்த முதல் 5 நாட்களுக்குள் என்றால் "என்.எஸ்.1" டெஸ்ட், அதற்கு பிறகு என்றால் "ஐ.ஜி.எம்." டெஸ்ட். நாள் மாறி எடுத்தால் காசும் போச்சு, ரிசல்ட்டும் தப்பாக வர வாய்ப்பு உண்டு. எனவே காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்பதை டாக்டரிடம் சரியாக சொல்ல வேண்டும்.

கட்டணம் வைத்த மாநிலங்கள்

அரசு ஆஸ்பத்திரியிலேயே டெஸ்டுக்கு கட்டணம் வாங்கிய மாநிலங்களும் உண்டு. மத்திய பிரதேச மாநிலம் இந்தூரில் உள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரியில் 1990-களின் நடுவில் "ரோகி கல்யாண் சமிதி" என்ற நோயாளர் நல குழு தொடங்கப்பட்டது. நோயாளிகளிடம் கட்டணம் வாங்கி, அந்த பணத்தை அதே ஆஸ்பத்திரியின் பராமரிப்புக்கு செலவு செய்து கொள்ள குழுவுக்கு அதிகாரம் தரப்பட்டது. வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது நாடு முழுவதும் இதுபோன்ற குழுக்கள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் இதற்கு நோயாளர் நலச்சங்கம் என்று பெயர்.

ராஜஸ்தான் மாநிலம் நேர் எதிர் பாதையில் போனது. அங்கு 2011-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து திட்டமும், 2013-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி இலவச பரிசோதனை திட்டமும் தொடங்கப்பட்டன.

கட்டணம் போட்டதும் கூட்டம் பாதியானது

"சின்ன தொகைதானே, வாங்கினால் என்ன?" என்று கேட்கலாம். அதற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில் பதில் இருக்கிறது. தலைநகர் நைரோபியில் பால்வினை நோய்களுக்கான அரசு சிகிச்சை மையத்தில் 1989-ம் ஆண்டு இறுதியில் கட்டணம் கொண்டு வரப்பட்டது. உடனே அங்கு வரும் ஆண்கள் எண்ணிக்கை முன்பு இருந்ததில் 40 சதவீதமாக சரிந்தது. பெண்கள் எண்ணிக்கை 65 சதவீதமாக குறைந்தது. 1990-ல் கட்டணம் ரத்து செய்யப்பட்டது.

வராமல் போனவர்களுக்கு நோய் குணமாகி விடவில்லை. நோயோடு வீட்டில் இருந்தார்கள், அடுத்தவருக்கும் பரப்பினார்கள். தொற்று நோய்க்கு எடுக்கும் டெஸ்ட் ஒரு ஆளுக்கான செலவு மட்டும் இல்லை, தெருவுக்கே பாதுகாப்பு. அதனால்தான் காசநோய், மலேரியா, எச்.ஐ.வி. பரிசோதனைகளுக்கு அரசு காசு வாங்குவது இல்லை.

கொரோனாவில் விலை குறைந்த கதை

அரசு நினைத்தால் தனியார் லேப் கட்டணத்தையும் கட்டுப்படுத்த முடியும் என்பதை கொரோனா காலம் காட்டியது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் தனியாரில் கொரோனா டெஸ்டுக்கு அதிகபட்சம் ரூ.4 ஆயிரத்து 500 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் உச்சவரம்பு வைத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு அதை ரூ.3 ஆயிரமாக நிர்ணயித்தது. 2021-ம் ஆண்டு மே மாதம் ரூ.1,200-ல் இருந்து ரூ.900 ஆக குறைக்கப்பட்டது. முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்ட பயனாளிகளுக்கு ரூ.800-ல் இருந்து ரூ.550 ஆனது. அரசு ஆய்வகங்களில் டெஸ்ட் இலவசமாகவே நடந்தது.

விலை எப்படி இறங்கியது? தொடக்கத்தில் கிட் வெளிநாட்டில் இருந்து வந்தது. பிறகு உள்நாட்டிலேயே தயாரானது. டெஸ்ட் எண்ணிக்கையும் பெருகியது. கிட் விலை இறங்க இறங்க அரசும் கட்டணத்தை இறக்கியது.

டெங்குவுக்கும் இப்படி செய்து இருக்கிறார்கள். 2015-ல் டெல்லி அரசு தனியாரில் டெங்கு டெஸ்டுக்கு அதிகபட்சம் ரூ.600 என்று அறிவித்தது. 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் கர்நாடக அரசு எலிசா டெஸ்டுக்கு ரூ.300, அட்டை டெஸ்டுக்கு ரூ.250 என்று உச்சவரம்பு வைத்தது.

தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் டெஸ்ட் உண்டு

நோய் வந்த பிறகு ரத்தத்தை பரிசோதிப்பது ஒரு பக்கம். நோய் வராமல் இருக்க தண்ணீரையும், சாப்பாட்டையும் பரிசோதிப்பது இன்னொரு பக்கம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டி, போர் தண்ணீரை பரிசோதித்து கொள்ளலாம். சுண்ணாம்புக்கல் பூமியில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பது சகஜம். ஆனால் கண்ணுக்கு தெரியாத கிருமி இருக்கிறதா என்பதை டெஸ்ட் எடுத்தால்தான் சொல்ல முடியும். இதற்கு கிருமி நீக்கிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் உணவுப்பொருள் மீது சந்தேகமா? உணவு பாதுகாப்பு சட்டம் 40-வது பிரிவின்படி வாங்கியவரே அதை அரசு உணவு பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு கொடுத்து கட்டணம் கட்டி பரிசோதிக்கலாம். மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் இந்த ஆய்வகங்கள் உள்ளன. ஆனால் வாங்கும்போதே "இதை டெஸ்டுக்கு கொடுக்க போறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லி விட வேண்டும். பொருள் தரம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் கட்டிய கட்டணத்தை திரும்ப பெற சட்டம் உரிமை தருகிறது. இது பலருக்கும் தெரியாத விஷயம்.

குடிநீரில் கிருமி கலந்து 7 பேர் பலி

செலவை குறைக்கிறோம் என்று அரசு ஆய்வகத்தையே மூடினால் என்ன ஆகும்? கனடா நாட்டில் ஒண்டாரியோ மாகாண அரசு 1996-ல் ஊர் குடிநீரை பரிசோதித்து வந்த அரசு ஆய்வக சேவையை நிறுத்தியது. அந்த வேலை தனியாருக்கு போனது.

2000-ம் ஆண்டு மே மாதம் பலத்த மழையில் மாட்டு சாணத்தில் இருந்த கிருமி வால்கர்டன் என்ற சிறிய ஊரின் குடிநீர் கிணற்றில் கலந்தது. தண்ணீரில் கிருமி இருப்பதை தனியார் ஆய்வகம் கண்டுபிடித்தது. ஆனால் குடிநீர் வினியோகிக்கும் அலுவலகத்துக்கு மட்டும் சொன்னது. சுகாதாரத்துறைக்கு சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. குடிநீர் அலுவலகமும் அதை மறைத்து விட்டது. 7 பேர் இறந்தார்கள். 2 ஆயிரத்து 300-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். சுகாதாரத்துறைக்கு தகவல் உடனே போய் இருந்தால் நூற்றுக்கணக்கானோர் தப்பித்து இருப்பார்கள் என்று நீதிபதி ஓ'கானர் விசாரணை அறிக்கை கூறியது.

சீட்டில் வராத கட்டணம்

ஆலங்குளம் பகுதி மக்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. பக்கத்தில் இல்லாத டெஸ்டுக்கு ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டும். பெரிய டெஸ்ட் என்றால் விருதுநகர் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி. ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள் என்று அலைந்தால் 2 நாள் கூலி காலி. துணைக்கு வருபவர் கூலியும் சேர்ந்து போகும். டெஸ்ட் இலவசம், ஆனால் வீட்டுக்கு நஷ்டம்.

இதற்கு வழி இலவச பரிசோதனை திட்டத்திலேயே சொல்லப்பட்டு உள்ளது. நோயாளியை அலைய விடாமல், அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, மாதிரியை பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, ரிசல்ட்டை அதே இடத்தில் தருவதுதான் அந்த முறை. இது ஒழுங்காக நடந்தால்தான் இலவசம் என்ற வார்த்தைக்கு அர்த்தம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* காய்ச்சல் என்றால் முதலில் அருகில் உள்ள அரசு சுகாதார நிலையத்துக்கு செல்லுங்கள்.

* தனியார் லேப் என்றால் ரத்தம் கொடுக்கும் முன்பே ரேட் கேளுங்கள். பில் வாங்காமல் வராதீர்கள்.

* அரசு ஆய்வகத்தில் யாராவது காசு கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தராத காசு, கட்டணம் அல்ல, லஞ்சம்.

* சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

* உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் எந்தெந்த டெஸ்ட் இலவசம், எத்தனை டெக்னீசியன் பணியிடம் காலி என்று தகவல் அறியும் உரிமை சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு கேட்கலாம்.

காசுக்கு பயந்து, கூலிக்கு பயந்து ஒருவர் டெஸ்ட் எடுக்காமல் இருந்தால் அந்த காய்ச்சல் அவரோடு நிற்காது. பக்கத்து வீட்டு குழந்தைக்கும் வரும். எனவே எல்லா பரிசோதனை வசதிகளையும் கிராமத்து பக்கத்திலேயே கொண்டு வர வேண்டும் என்பதே இப்பகுதி மக்களின் எதிர்பார்ப்பாக உள்ளது.