வழங்கிகளில் நிலைபொருள் மேம்படுத்தலும் தரவுப் பாதுகாப்பும்

முன்னுரை

மணமேல்குடி வட்டத்து உழவர் ஒருவர் இணையவழியில் பெறும் பட்டா நகல், தொலைவிலுள்ள வழங்கியொன்றின் சேமிப்பு வட்டிலிருந்தே வருகிறது. இத்தகைய வட்டுகளை உள்ளிருந்து இயக்குவது ஃபெர்ம்வேர் எனப்படும் நிலைபொருளாகும். அதனை உரிய காலத்தில் மேம்படுத்துவதன் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

32,768 மணிநேரம்

ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் நிறுவனம் தன் எஸ்எஸ்டி வட்டுகள் சிலவற்றிலிருந்த நிலைபொருள் குறையை 2019 நவம்பரில் அறிவித்தது. 32,768 மணிநேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணிநேரம், இயங்கியதும் அவ்வட்டுகள் செயலிழக்கும். தரவையும் மீட்க இயலாது. குறியுடைய 16 பிட் எண்ணின் உச்சம் 32,767 என்பது இங்கு நோக்கத்தக்கது.

பொதுவாக ஒரு வட்டு பழுதுற்றால், ரெய்டு அமைப்பின் பிற வட்டுகள் தரவைக் காக்கும். ஆனால் ஒருங்கே இயங்கத் தொடங்கிய வட்டுகள் ஏறத்தாழ ஒரே வேளையில் செயலிழக்குமாதலின், அக்காப்பு பயனற்றதாகிறது. திருத்திய நிலைபொருளை முன்னரே நிறுவுவதே தீர்வாயிற்று.

முடிவுரை

எனவே வட்டுகளின் இயங்குநேரத்தைப் பதிவுசெய்தல், உற்பத்தியாளர் அறிவிப்புகளைத் தொடர்ந்து நோக்குதல், தரவை வேறிடத்தில் படியெடுத்தபின் முதலில் ஒரு வழங்கியில் மட்டும் மேம்படுத்திச் சோதித்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. பழுது தோன்றிய பின் செய்யும் மேம்படுத்தல் இழந்த தரவை மீட்டுத் தராது.